கிருஷ்ணவேணிக்கு வந்த கட்டுச்சோறு

ஒளிந்து வாழ்கிறவர்கள் பேரை மாற்றலாம், ஊரை மாற்றிச் சொல்லலாம், பேச்சைக்கூடக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம். நாக்கை என்ன செய்வது? அது பிறந்த ஊரைவிட்டு நகரமாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. கிருஷ்ணவேணியைக் காட்டிக்கொடுத்தது அவள் நாக்குதான். அதற்காக அவளை ஏசுகிறவர்கள் முதலில் ஏழு மாதச் சூலோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

விழுப்புரம் பக்கம் அனந்தபுரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். இரண்டு கிணறும் அதற்கேற்ற நிலமும் உள்ள வீடு அவளுடையது. அப்பா இல்லை. அம்மா ராஜாமணி, அண்ணன் தாண்டவராயன், அவ்வளவுதான். அந்தக் கிணறுகளில் மூன்று தலைமுறையாக மாடு கட்டிக் கவலை இறைத்தது சேரியில் ஒரு கிறிஸ்துவ வேதக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை அந்தோணிசாமி. இரண்டு பேருக்கும் எப்படிப் பழக்கமானது என்பது அவர்கள் பாடு, நமக்கு வேண்டாம். 1957 மார்கழியில் ஊரே மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

தாண்டவராயன் ஊர் நடுவில் நின்று ஒரு வார்த்தை சொன்னான். "ரெண்டு பேரையும் ஒரே குழியில வெக்கிற வரிக்கும் நான் மொகம் வழிக்க மாட்டேன்." மில்லுக்கு மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர்கள் இதை ஒரு வேடிக்கைபோலப் பேசிக்கொண்டதை அந்தோணிசாமி தன் காதால் கேட்டான். பக்கத்தில் நின்றுதான் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான்.

அந்த மில் திண்டிவனத்தில் இருந்தது. எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்காமல் வேலை கொடுத்த ஒரே இடம் அதுதான் என்பதால் அங்கேயே தங்கிவிட்டார்கள். ரயிலடிக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் ஓர் அறை. கேட்டவர்களுக்கெல்லாம் செய்யாறு பக்கம் என்றார்கள். ஊரிலிருந்து திண்டிவனம் ஒரு பகல் நடைதான். அந்தோணிசாமிக்கு அந்தத் தூரம் போதாது என்று தெரியும். அதனால் கிருஷ்ணவேணி சந்தை, ரயிலடி, சினிமாக் கொட்டகை எங்கும் போகக் கூடாது என்று கண்டித்து வைத்திருந்தான். கண்டித்தான் என்பது பெரிய வார்த்தை. கல்யாணமாகி ஆறு மாதம்வரை பெண்டாட்டியை "சாப்டுங்க", "உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதன் எப்படிக் கண்டித்திருப்பான்?

மசக்கை வந்தது. திண்டிவனத்துச் சோறு அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து அறை அம்சா பரிந்து பரிந்து கொடுத்த குழம்பெல்லாம் வந்த வழியே போனது. வாய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கேப்பை மாவில் முருங்கைக்கீரையும் இடித்த மல்லாட்டையும் போட்டுப் பிசைந்து, பூவரச இலையில் தட்டி, இலையோடு மண் ஓட்டில் போட்டுச் சுட்ட அடை. கேப்பை அடை எங்கே இல்லை? ஆனால் இலை கருகிய வாசனையோடு சுடுவது அவள் ஊரைச் சுற்றி நாலைந்து ஊரில்தான். தானே தட்டிப் பார்த்தாள். திண்டிவனத்துத் தண்ணீரோ, கைப்பக்குவமோ, அது வேறு ஏதோவாக வந்தது. இரண்டு நாள் அழுதாள்.

ஏழாவது மாதத்தில், புருஷன் மில்லுக்குப் போன பிறகு, அம்சாவோடு வாரச் சந்தைக்குப் போனாள். கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்தது. வெற்றிலைக் கடைக்குப் பக்கத்தில் கூடையும் ஓட்டடுப்புமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூடையில் பூவரச இலையோடு அடை. கிருஷ்ணவேணி அங்கேயே குந்திவிட்டாள். ஒன்றை வாங்கினாள், ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளினாள், தண்ணீரில் நனைத்தாள், இடது கைப்பக்கம் மண்ணில் வைத்தாள். பிறகுதான் சாப்பிட்டாள்.

அவள் வீட்டு வழக்கம் அது. தாது வருஷப் பஞ்சத்தில் அந்த வீட்டு மருமகள் ஒருத்தி, வாயும் வயிறுமாக இருந்தவள், கேப்பை அடைக்கு ஏங்கியே செத்துப்போனாளாம். அன்றிலிருந்து அந்த வகையறாப் பெண்கள் கேப்பை எதைத் தின்றாலும் முதல் துணுக்கு அவளுக்குத்தான். அந்த வகையறாவைத் தவிர வேறு யாரும் செய்வதில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் இது எல்லோருக்கும் தெரியும்.

அடை விற்றவள் பேர் முனியம்மாள். கிருஷ்ணவேணி ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. மண்ணில் கிடந்த துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"செய்யாறு பக்கங்கா."

"ம். நல்லா துன்னு கண்ணு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, எத்தினி நாள் ஏக்கமோ."

மூன்று அடை தின்ற பிறகுதான் கிருஷ்ணவேணிக்கு மண்ணில் வைத்த துணுக்கு ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள். இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டாள். அடுத்த வாரம் போனாள். ஆசை வெட்கமறியாது என்பார்கள். பயத்தையும் அது அறிவதில்லை.

மூன்றாவது வாரம் முனியம்மாள் அடையோடு ஒரு சின்ன இலைப்பொட்டலமும் கொடுத்தாள். உள்ளே தாளிப்பு வடகம், நாலு உருண்டை. வெந்தயம் தூக்கலாக, விளக்கெண்ணெய் பூசி, விரல் பதிய அழுத்திப் பிடித்த உருண்டை. கிருஷ்ணவேணி முகர்ந்தாள். யார் பிடித்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜாமணியின் வடகம் இல்லாமல் அந்த வீட்டில் ரசம்கூடத் தாளித்ததில்லை.

"உங்கம்மா கையால குடுத்துச்சு" என்றாள் முனியம்மாள். "நான்தான் போய்ச் சொன்னேன். கோச்சிக்காத. பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க? ஓன்னு அழுவுது. உங்கண்ணனும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. ஒண்ணும் பேசல. அப்புறம், ஆனது ஆயிப்போச்சு, வளைகாப்பு பண்ணி வூட்டுக்கு இட்டாந்துடலாம்னாரு."

முனியம்மாள் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியம் தனக்குத்தான் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். உலகத்தில் பாதிக் கேடு இப்படி நம்புகிறவர்களால்தான் நடக்கிறது.

இதை மறைக்க முடியாது என்று கிருஷ்ணவேணி அன்று சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தோணிசாமி கையலம்பிக்கொண்டிருந்தான். சொம்பு அப்படியே நின்றது.

"உங்கண்ணன் தாடிய எடுத்துட்டாரா? கேட்டியா?"

"கேட்டேன். நாம வூட்டுக்கு வந்ததும் கோயிலுக்குப் போய் எடுத்துக்குவாராம்."

அவன் சொம்பைக் கீழே வைத்தான். நாளைக்கே வேறு ஊர் போய்விடலாம் என்றான். அவள் அழுதாள். தலைப்பிள்ளை, அம்மா இல்லாமல் எப்படிப் பெறுவேன் என்றாள். பிரசவத்தில் செத்துப்போனால் அம்மா முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேன் என்றாள். பெண்டாட்டி அழுதால் தாங்காதவன் அவன். கடைசியில் சரி என்றுவிட்டான். மாமியார் வீட்டுக்குப் போகிறோமே என்று புது வேட்டிகூட ஒன்று வாங்கினான். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த சந்தையன்று காலையில் முனியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தலையில் பெரிய மூட்டை. "அம்மா ஊட்டு கட்டுச்சோறு. நான் பிரிச்சிகூடப் பாக்கல. சூலிக்கு வந்தத வேற ஆளு பிரிக்கக் கூடாது இல்ல. பொழுது சாயறப்ப கிடங்கல் ஏரிக்கரைக்கு உங்கண்ணன் வண்டியோட வர்றாரு. ரெண்டு பேரும் சேந்துதான் வரணுமாம். மாப்பிள்ளைய வுட்டுட்டு வராதன்னு ரெண்டு தபா சொன்னாரு."

அந்தோணிசாமி அரைநாள் லீவு சொல்லிவிட்டு வரலாம் என்று மில்லுக்குப் போயிருந்தான். கிருஷ்ணவேணி மூட்டையைப் பிரித்தாள். அம்சாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, கீழே மந்தார இலையில் கேப்பை அடை.

புளிச்சோற்றை எடுத்து வாயில் வைத்தவள் மெல்வதை நிறுத்தினாள். மஞ்சள் இல்லை. எலுமிச்சஞ்சோறு வெள்ளை வெளேரென்று கிடந்தது. கடுகு இல்லை, மிளகாய் இல்லை, வடகம் இல்லை. தயிர்ச்சோற்றிலும் ஒன்றும் இல்லை. எந்தச் சோற்றிலும் தாளிப்பில்லை.

அம்சா சிரித்தாள். "ஐயோ, மவளப் பாக்கப் போற சந்தோசத்துல உங்கம்மா தாளிக்கவே மறந்துட்டாங்க!"

கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை. மஞ்சளும் தாளிப்பும் இல்லாமல் சோறாக்கி மூட்டை கட்டி அனுப்புகிற வீடு ஒன்று உண்டு. எழவு வீடு. பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் ஆக்கிக் கொண்டுபோகிற சோறு இப்படித்தான் இருக்கும். அம்மா எத்தனையோ எழவுக்கு ஆக்கி அனுப்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்.

அம்மா சாபம் விட்டிருக்கிறாளா? நீ எனக்குச் செத்தவள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாளா? கை தானாகச் சோற்றைக் கிளறியது. புளிச்சோற்றில் வறுத்த மல்லாட்டை கிடந்தது. ஒவ்வொரு பருப்பும் தோல் நீக்கியிருந்தது. சின்ன வயதில் மல்லாட்டைத் தோல் தொண்டையில் ஒட்டுகிறது என்று துப்புவாள். அவளுக்காக மட்டும் அம்மா தோலை ஊதி எடுத்துவிட்டுப் போடுவாள். செத்துப்போ என்று நினைக்கிறவள் உட்கார்ந்து ஒரு படி மல்லாட்டைக்குத் தோலெடுப்பாளா?

அப்போது புரிந்தது. அடுப்பங்கரைக்குள் ஆம்பிளை எட்டிப்பார்ப்பதில்லை. அண்ணன் வாசலில் நிற்க, வாயைத் திறக்க வழியில்லாமல், ஓட்டை வாய் முனியம்மாளை நம்பவும் முடியாமல், ராஜாமணி தெரிந்த பாஷையில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வராதே. இங்கே எழவு காத்திருக்கிறது.

அம்சா "இன்னாக்கா, எங்கக்கா போற?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மூட்டையைக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்கு ஓடினாள். ஓடினாள் என்றா சொல்ல முடியும், ஏழு மாதச் சூலி. மில் வாசலில் புருஷன் கையில் ஒரு பிடி சோற்றை வைத்தாள். சேரியிலும் எழவு வீட்டுச் சோறு அப்படித்தான். அவன் வாயில் போட்டான், அவளைப் பார்த்தான்.

"ஜல்தி வா" என்றான். அறைக்குத் திரும்பவில்லை. புது வேட்டி கொடியிலேயே கிடந்தது.

நேராக ரயிலடிக்குப் போனார்கள். மெட்ராஸ் வண்டி சாயங்காலம்தான். முதலில் வந்தது விழுப்புரம் பாசஞ்சர். அதில் ஏறினால் ஊர்ப்பக்கம் நோக்கித்தான் போகவேண்டும். ஆனால் அங்கே நிற்க முடியாது. ஏறினார்கள். மயிலம், பேரணி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வண்டி நின்று நின்று போனது. விக்கிரவாண்டியில் நாலைந்து பேர் ஏறினார்கள். அவர்களில் முண்டாசு கட்டிய ஒருவன் அந்தோணிசாமியை உற்றுப் பார்த்தான். கிருஷ்ணவேணி முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவன் பார்த்துக்கொண்டே வந்தான். முண்டியம்பாக்கம் போனது. விழுப்புரம் வருவதற்குள் அவளுக்கு ஒரு யுகம் ஆனது. அவன் இறங்கி, திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டான். யாரோ எவனோ, இன்றுவரை தெரியாது.

விழுப்புரம் ஜங்ஷனில் விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மூட்டையைப் பிரித்தாள். தாளிக்காத சோற்றை உருட்டி உருட்டித் தின்றாள். அவனுக்கும் கொடுத்தாள். தப்பித்தோம் என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள்கூட.

அந்தோணிசாமி தின்னவில்லை. உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"பொழுது சாயற வரிக்கும் ஏரிக்கரையில பாப்பாங்க" என்றான். "அப்பறம் திரும்பிப் போவாங்க. நம்மளுக்கு ஆரு சொன்னாங்கன்னு உங்கண்ணன் ஊட்ல போயிதான் கேப்பாரு. அம்மா இன்னா சொல்லும்?"

அவளுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. வாயில் சோற்றோடு எழுந்து நின்றாள். வண்டி கிளம்பிவிட்டது. பிளாட்பாரம் நகர்ந்தது. வாசற்படிவரை போனாள். அந்தோணிசாமி பின்னாலேயே வந்தான், பிடிக்கவில்லை, தடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோலியனூர் போகிற லைன் பிரிகிற இடம்வரை நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் அவளைக் குற்றம் சொல்லத் தயாரில்லை, ஆனால் அவள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டாள், ஆயுசுக்கும்.

திருச்சியில் அந்தோணிசாமி அரிசி மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். 1959 முடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அம்மா பேரை வைக்கலாமே, ராஜாமணி என்று கூப்பிடலாமே என்றான் அவன். கிருஷ்ணவேணிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க வூட்ல செத்தவங்க பேரத்தான் வெப்போம். உசுரோட இருக்கறவங்க பேர வெக்க மாட்டோம்" என்றாள். குழந்தைக்கு வேறு பேர் வைத்தார்கள். ஊருக்குக் கடுதாசி போட முடியாது. ஊர்ப்பக்கத்து ஆள் யாரையாவது பார்த்தால் ஓடி ஒளிய வேண்டும், பிறகு யாரைக் கேட்பது?

1966-ல் இரண்டாவது பெண் பிறந்தது. அந்த ஏழு வருஷத்தில் எந்தத் திக்கிலிருந்தும் ஒரு செய்தி வந்ததில்லை. என்ன பேர் வைக்கலாம் என்று அந்தோணிசாமி கேட்டான். அவள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ராஜாமணி என்றாள்.