கழுத்துவரை நிறைந்த ஜாடி

குவெண்டாவுக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். டப்பாவில் ஒரு விரல் இடம் மிஞ்சினாலும் எதையாவது திணித்துத்தான் மூடுவார். கணவர் மெர்வின் இங்கிலாந்தில் ஹெரிஃபர்ட் பக்கம் டிராக்டர் ரிப்பேர் செய்பவர். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷன். நான் பக்கத்து வீடு.

மகள் நெஸ்டா பிறந்தபோது நட்ட ஆப்பிள் மரம் போன குளிர்காலப் புயலில் சாய்ந்தது. கடைசியாகப் பறித்த பழத்தைப் புளிக்கவைத்ததில் ஒரே ஒரு ஜாடி சைடர்தான், அதாவது ஆப்பிள் மதுதான், தேறியது. ஜூனில் நெஸ்டாவுக்குக் கல்யாணம். வாழ்த்துச் சொல்லிக் கோப்பை உயர்த்தும்போது எல்லோர் கையிலும் இந்தச் சைடர்தான் இருக்க வேண்டும் என்று குவெண்டா முடிவு கட்டிவிட்டார்.

நுரை அடங்கியதும் வண்டலை விட்டுவிட்டு வேறு ஜாடிக்கு மாற்றினார். மேலே கொஞ்சம் இடம் விழுந்தது. அங்கே காற்று நின்றால் சைடர் கெட்டுவிடும். ஊற்றி நிரப்ப வேறு சைடர் இல்லாததால், கோலிக்குண்டுகளை வெந்நீரில் கழுவி ஒவ்வொன்றாகப் போட்டார். சைடர் கழுத்துவரை ஏறியது. தக்கையை அடைத்து, வெளிச்சம் படாதபடி மெர்வினின் பழைய ஸ்வெட்டரை ஜாடிக்கு மாட்டினார்.

"கழுத்துல இடம் விழுந்துச்சுன்னா நம்ம பொண்ணு கல்யாணத்துல வினிகர்தான் மெர்வின். ஞாபகம் வெச்சுக்க."

அவர் ஞாபகம் வைத்துக்கொண்டார். குவெண்டாவும் வாராவாரம் ஸ்வெட்டரின் கழுத்தை இறக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார்.

கல்யாணத்தன்று மெர்வின் மூச்சுவாங்க ஜாடியைத் தூக்கி வந்தார். இரண்டாவது மேஜையை எட்டுவதற்குள் சைடர் நின்றுவிட்டது. உள்ளே கடகடவென்று சத்தம். குவெண்டா ஸ்வெட்டரை உருவினார். ஜாடியின் தோள்வரை கோலிக்குண்டு.

"அப்பப்ப ஒரு வாய்தான் குடிப்பேன்," என்றார் மெர்வின். "குடிச்ச அளவுக்குக் குண்டு போட்டுருவேன். இடம் விடக்கூடாதுன்னு நீதானே சொன்னே."

குவெண்டாவுக்கு அழுகை முட்டியது. எனக்கோ அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. நெஸ்டாதான் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கெடலம்மா. ரொம்ப நல்லாருக்கு," என்றாள். ஊற்றியதைத் திரும்ப வாங்கி, எல்லோருக்கும் இரண்டு மடக்காகப் பங்கிட்டார்கள். மெர்வினின் கோப்பையில் மட்டும் குவெண்டா ஒரு கோலிக்குண்டைப் போட்டார்.

"உன் பங்கை நீ முன்னாடியே குடிச்சாச்சு."

மெர்வின் அதையே உயர்த்தி மகளை வாழ்த்தினார்.

சந்தையில் வாங்கிய ஆப்பிளில் போட்ட இந்த வருஷ ஜாடியை, அவரை நம்பாமல், குவெண்டா என் வீட்டில் வைத்திருக்கிறார். நேற்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அருமை. இன்று கடைத்தெருவுக்குப் போய்க் கோலிக்குண்டு வாங்கி வர வேண்டும்.