தவறி ஏறிய வெள்ளைக் கார்

பிறை என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர் அமலம்மாள். கம்பெனி பஸ் நிபோங் திபாலில் அவர் வீட்டுத் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். மற்ற இடங்களுக்கெல்லாம் கணவர் ரேமண்டின் மோட்டார் சைக்கிள். ரேமண்ட் இறந்த பிறகு வெளியே போவதே குறைந்துபோனது. ஃபெரியில் கடலைத் தாண்டித் தீவுக்குப் போவதென்றால் அவருக்கு வெளியூர்ப் பயணம்தான்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் இரண்டு கண்களிலும் புரை விழுந்தது. தீவிலிருக்கும் கண் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கிடைத்தது. மகன் ஷேனுக்கு ஜொகூரில் வேலை. லீவு கிடைக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா. ஃபெரியில இறங்குங்க, நான் இங்கேருந்தே கார் புக் பண்ணிடுறேன். வெள்ளைக் கார், டிரைவர் பேரு அஃபிக். நம்பர் பிளேட்ட பாத்துட்டு ஏறுங்க, அவ்ளோதான் லா!"

எப்படிப் பயப்படாமல் இருப்பது? தனியாகக் காரில் ஏறிய பெண்ணை எங்கோ கொண்டுபோய் நகையைப் பறித்தார்கள் என்று மாதர் சங்கத்து வாட்சாப்பில் வாரத்துக்கு ஒரு குரல்பதிவு வரும். யார் பேசியது, எந்த ஊரில் நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அன்று காலையில் கழுத்துச் செயினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஃபெரியிலிருந்து இறங்கி வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் எண் அவருக்குப் புகைபோலத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஆள் கையை உயர்த்திக் காட்டி, சிரித்தபடி பின்கதவைத் திறந்துவிட்டான்.

"ஆஸ்பத்திரிதானே தம்பி?" என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். ஏறிக்கொண்டார்.

கார் நகர்ந்ததும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தமே அவருக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவன் கண்ணாடியில் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். வாயைத் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரி டவுனுக்குள்ளேயே இருக்கிறது, சீக்கிரம் போய்விடலாம் என்று ஷேன் சொல்லியிருந்தான். ஆனால் இடப்பக்கம் கடல் கூடவே வந்துகொண்டிருந்தது. கடைகளும் அவற்றின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகளும் மறைந்து பெரிய நெடுஞ்சாலை வந்துவிட்டது. தூரத்தில் பாலம்கூட மங்கலாகத் தெரிந்தது. மனத்துக்குள் 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினார். பாதியில் வார்த்தை மறந்துபோனது.

அப்போது போன் அடித்தது.

"காக், சாயா சுடா சம்பாய். காக் டி மானா?" நான் வந்துவிட்டேன், அக்கா எங்கே இருக்கிறீர்கள் என்றது ஓர் ஆண்குரல். அஃபிக்.

"சாயா... டாலாம் கெரெத்தா," என்றார். காருக்குள் இருக்கிறேன்.

"கெரெத்தா சியாப்பா?"

யாருடைய கார்? முன்சீட்டை ஓங்கித் தட்டினார்.

"நிறுத்துங்க தம்பி! யாரு நீங்க? என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

அவன் திடுக்கிட்டதில் காரே ஒருமுறை ஆடியது.

"ஐயோ அக்கா, ஒங்களுக்குக் காது கேக்குமா?"

ஓரமாக நிறுத்தினான். "மொதல்ல கதவத் தெறங்க," என்று அமலம்மாள் கத்தினார். இறங்கிப் புல்தரையில் தள்ளி நின்றார். லாரிகள் உறுமிக்கொண்டு போயின.

அவன் பெயர் குகன். ஒரு சாப்பாட்டுக் கடையில் டிரைவர். முதலாளியம்மாவின் அக்கா வடிவம்மாள் சுங்கை பாக்காப்பிலிருந்து வருகிறார், நீலப் பஞ்சாபி சூட் போட்டிருப்பார், காது சுத்தமாகக் கேட்காது, எது கேட்டாலும் தலையை ஆட்டு, சைகையிலேயே பேசி வீட்டுக்குக் கூட்டி வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அமலம்மாள் குனிந்து தன் உடையைப் பார்த்தார். நீலம்தான். இருந்தும் அவர் நம்பவில்லை. குகன் முதலாளியம்மாவை ஸ்பீக்கரில் அழைத்தான். "யாரடா ஏத்துன? எங்கக்கா அங்க தனியா நிக்கிறாங்கடா!" என்று அந்த அம்மாள் அலறிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

உடனே, தனியாக நிற்கும் அந்தப் பெண்ணின் நினைப்பு வந்தது. "அவங்ககிட்ட போன் இருக்கா?"

"இல்லக்கா. கேக்காதுன்னு வச்சிக்கிறதில்ல." அவன் முகம் வெளுத்திருந்தது. "ஒங்கள ஆஸ்பத்திரியில விட்டுட்டு..."

"வேணாம். திருப்புங்க."

வழியில் அவரே அஃபிக்கை அழைத்து, நீல உடுப்பில் ஓர் அம்மா நிற்கிறாரா பாருங்கள் என்றார். பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றான் அவன். டவுன் நெருங்க நெருங்க வாகன நெரிசல். குகன் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே இருந்தான்.

ஃபெரித் துறையில் இறங்கியதும்தான் இன்னொன்று உறைத்தது. அந்த வடிவம்மாளை குகன் நேரில் பார்த்ததே இல்லை. அஃபிக்குக்கும் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. அமலம்மாளுக்கோ பத்தடிக்கு அப்பால் எல்லாமே மூடுபனி. குகன் பஸ் நிற்கும் பக்கம் ஓடினான், அஃபிக் சாலையோரம் ஓடினான். அமலம்மாள் நின்று யோசித்தார். கூப்பிட வருகிறேன் என்றவர்கள் வரவில்லை. அவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? வந்த வழியே வீட்டுக்குத்தான்.

"தம்பி, பட்டர்வொர்த் போற கியூவுல பாருங்க!"

மூவரும் உள்ளே போனார்கள். வரிசையில், கையில் பலகாரப் பையோடு, நீல உடையில் ஒரு பெண். அமலம்மாள் அவர் முகத்துக்கு நேரே போய் நின்று கையைப் பிடித்தார். அந்தக் கை பனிக்கட்டியாக இருந்தது. குகன் வீடியோ காலில் தங்கையைக் காட்டினான். வடிவம்மாள் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் சத்தமாக வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அஃபிக்கின் காரில் ஏறும்முன் அமலம்மாள் எண் பலகையில் முகம் ஒட்டும்படி குனிந்து படித்தார். பெயரை இரண்டு முறை கேட்டார். அவன் சிரிக்கவில்லை, அடையாள அட்டையையே எடுத்துக் காட்டினான். ஆஸ்பத்திரியில் அவர் முறை போய்விட்டது. கவுண்டரில் திட்டு வாங்கி, கடைசி ஆளாகக் காத்திருந்து மருத்துவரைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

வீடு சேர்ந்த பிறகுதான் ஷேனிடம் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு நான் வரேம்மா," என்றான் அவன்.

சொன்னபடி ஆபரேஷனுக்கு முதல்நாளே வந்து சேர்ந்தான்.