ஆணி அடிக்க விடாத வீடு

கூத்தாநல்லூரில் ஈஸ்வரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவருடைய கணவர் தியாகராசன் ஒருவர்தான். ஊருக்கு அவர் மீட்டர் அக்கா. இருபத்தெட்டு வருஷம் மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். யார் வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் ஏசி ஓடுகிறது, பூட்டிக் கிடப்பதாகச் சொல்லும் எந்த மாடியில் ஆள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் யூனிட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். வேலையில் இருந்தவரை வாயைத் திறந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பெரிதாகத் திறக்கவில்லை. "சொல்லியிருந்தா முப்பது குடும்பம் பிரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வுக்குப் பிறகு பொழுது போவதுதான் கஷ்டமாக இருந்தது. தியாகராசனுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஈஸ்வரி போனில் வீட்டு விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தார். வாங்குவதற்கோ வாடகைக்குப் போவதற்கோ இல்லை. படத்தில் இருக்கிற வீட்டில் என்ன பொய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குக் குறுக்கெழுத்துப் போடுவது மாதிரி.

அப்படி இருக்கையில் போன ஏப்ரலில் எதிர்வீட்டு தஹ்மீனா போனும் கையுமாக வந்தாள். அவள் கணவன் மூஸா துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவனோடு அவள் போன தூரமான இடம் நாகூர். இந்தத் தடவை பிள்ளைகளோடு கொடைக்கானலில் நான்கு நாள் தங்குவது என்று தீர்மானமாகியிருந்தது.

"வீடு பார்த்துட்டேங்க்கா. நாலு ரூமு, ஒரு நாளைக்கு ரெண்டாயிரந்தான். கணப்பு அடுப்பெல்லாம் இருக்கு. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பாதிப் பணத்தை இன்னிக்கே போடச் சொல்றாரு."

"யாரு சொல்றா?"

"வீட்டுக்காரர். அரவிந்தன்னு பேரு. அந்த சைட் வழியா புக் பண்ணா கமிஷன் போவுமாம், நேரா தன்னோட நம்பருக்கே போட்டுடச் சொன்னாரு. ரொம்ப மரியாதையா பேசுறாருங்க்கா."

மே மாதம், கொடைக்கானல், நாலு அறை, இரண்டாயிரம். ஈஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினொரு படங்கள். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாக மேய்ந்தார். கூடத்தில் இருந்த கணப்பு அடுப்பை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்லி வைத்திருப்பதை அவர் எப்போதுமே பார்ப்பதில்லை. படுக்கையறைப் படத்தில் கட்டிலுக்குப் பின்னால் சுவரின் அடியில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அங்கே நிறுத்தினார்.

"இந்த ஓட்டையைப் பாரு. நம்மூர்ல உருண்டையா மூணு ஓட்டை இருக்கும். இது பட்டையா இருக்கு. மூஸா அனுப்புற மிக்சி, அயர்ன் பாக்ஸுக்கெல்லாம் நீ தனியா ஒரு பின் மாட்டுவியே, அந்த ஓட்டை. இந்தக் கட்டில் துபாய்லயோ மலேசியாவுலயோ கிடக்கு."

தஹ்மீனா உற்றுப் பார்த்தாள். "வீட்டுக்காரர் ஒருவேளை வெளிநாட்டுல இருந்தவரா இருப்பாரோ என்னமோ."

"சமையல்கட்டு ஜன்னலைப் பாரு. என்ன தெரியுது?"

"தென்னை மட்டை."

"கொடைக்கானல்ல ஏதுடி தென்னை?"

தஹ்மீனாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் மனம் விடவில்லை. பத்தொன்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். பத்தொன்பது பேரும் ஒரே வாரத்தில் கொடுத்திருந்தார்கள், எல்லாருமே ஒரே வார்த்தையில் ஒரே எழுத்துப் பிழை விட்டிருந்தார்கள். ஈஸ்வரி அதைக் காட்டியும், "நல்ல மனுசன் மாதிரி இருக்காருங்க்கா" என்பதை அவள் விடவில்லை. ஆசைப்பட்டவளிடம் பிளக் பாயின்டைக் காட்டி என்ன பிரயோசனம் என்று ஈஸ்வரிக்குத் தோன்றியது. அரவிந்தனின் எண்ணைத் தன் போனிலிருந்தே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க மேடம்" என்றது தேன் மாதிரி ஒரு குரல்.

"தஹ்மீனா வீட்டுல பேசுறேன் தம்பி. எட்டுப் பேர்னு போட்டிருக்கீங்க. நாங்க இருபத்திரண்டு பேர் வர்றோமே."

"தாராளமா வாங்க மேடம்."

"கூடவே ரெண்டு கடா வருது."

"என்னங்க மேடம்?"

"ஆட்டுக்கடா. நேர்ந்துவிட்டது. கூடத்துல ஒரு ஓரமா கட்டிப் போட்டுக்குவோம்."

"நோ பிராப்ளம் மேடம். வளர்ப்புப் பிராணி எல்லாம் நம்ம வீட்டுல அலவ் பண்றோம்."

தஹ்மீனா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். ஈஸ்வரியின் குரலில் ஒரு சலனமும் இல்லை.

"மூணாம் நாள் அதையே அறுத்து, அங்கேயே கூடத்துல விறகு அடுப்பு மூட்டி, தேக்சா வெச்சு பிரியாணி போட்டுடுவோம். தரை கொஞ்சம் கருத்துப் போவும்."

"பரவால்ல மேடம். வாஷ் பண்ணிக்கலாம்."

"கைக்குழந்தை இருக்கு. தூளி கட்டணும். சுவத்துல ஒரு பத்துப் பன்னெண்டு ஆணி அடிச்சுக்கலாமா?"

"உங்க வீடு மாதிரி நினைச்சு அடிச்சுக்குங்க மேடம். அட்வான்ஸ் மட்டும் இப்பவே…"

தஹ்மீனா எழுந்து நின்றுவிட்டாள். அவள் வீட்டு மாடியில் ஒரு பேங்க் ஆபீசர் குடியிருக்கிறார். காலண்டர் மாட்ட அவர் அடித்த ஒரே ஆணிக்காக அவள் இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தவள். ஆட்டுக்கும் பிரியாணிக்கும் அசையாத நம்பிக்கை அந்த ஆணியில் விழுந்துவிட்டது.

"சொந்த வீடா இருந்தா இப்படிச் சொல்லுவானா?" என்றாள், போன் வைத்த பிறகு. "வெக்கங்கெட்டவன்."

அதோடு விட்டிருக்கலாம். ஈஸ்வரி விடவில்லை. பணம் போடத் தயார், ஆனால் வீட்டுப் பெரியவர் மின்மீட்டரின் படத்தைப் பார்க்காமல் பணத்தை எடுத்துத் தர மாட்டேன் என்கிறார், அனுப்புங்கள் என்று செய்தி போட்டார். அரைமணியில் படம் வந்தது. ஈஸ்வரி பதில் எழுதினார்: தம்பி, இது தண்ணீர் மீட்டர். அடுத்த படம் வந்தது. அது கரண்ட் மீட்டர்தான், ஆனால் மேலே வேறு மாநிலத்து எழுத்து இருந்தது. மூன்றாவதாக வந்தது ஆட்டோ மீட்டர். அதையும் அவர் பொறுமையாக விளக்கி, சீல் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லி, பக்கத்தில் அன்றைய பேப்பரைப் பிடிக்கச் சொல்லி, சாயங்காலம் வரை அவனை அலையவிட்டார். ஐந்து மணிக்கு அரவிந்தன் அவருடைய எண்ணைத் தடை செய்துவிட்டான்.

"ஏமாத்த வந்தவனே நம்ம வேணாம்னுட்டான்" என்று ஈஸ்வரி தியாகராசனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தஹ்மீனா அந்த விளம்பரத்தைப் பற்றி சைட்டுக்கும் சைபர் கிரைமுக்கும் புகார் எழுதினாள். இரண்டு நாளில் விளம்பரம் காணாமல் போனது.

அடுத்ததாக ஈஸ்வரியே ஒரு வீட்டைத் தேடிப் பிடித்தார். படங்கள் அழுது வடிந்தன. குளியலறைப் படத்தில் ஒரு சிவப்பு வாளி, அதன் விளிம்பில் ஈரத்துணி. கூடத்தில் மூக்கு ஒடிந்த ஒரு மரக்குதிரை. விமர்சனம் எழுதிய நான்கு பேரில் ஒருவர், வீடு நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரர் சிடுசிடுப்பு என்று எழுதியிருந்தார்.

"ஏமாத்துறவன் அந்த வாளியை நகர்த்திட்டுத்தான் போட்டோ எடுத்திருப்பான்" என்றார் ஈஸ்வரி. சைட் வழியாகவே வீட்டுக்காரரின் எண்ணுக்குப் பேசினார். வைத்தியலிங்கம் என்று பெயர். வயசான குரல். ஈஸ்வரி அதே கேள்விகளை வரிசையாகக் கேட்டார்.

"இருபத்திரண்டு பேரா? ஆறு பேருக்கு மேல ஒரு ஆள் வந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

"ரெண்டு கடா…"

"அம்மா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"சுவத்துல ஆணி…"

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஈஸ்வரியின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "இதுதான்டி வீடு. உடனே புக் பண்ணு."

தஹ்மீனா பேசியபோது வைத்தியலிங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஏதோ ஆட்டுக்கார அம்மா பேசிச்சு. அவங்க வர்றதா இருந்தா வீடு கிடையாது."

"அவங்க வரலைங்க" என்று தஹ்மீனா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சங்கடம். மூஸா வந்து இறங்கியதும், பணத்தைக் காப்பாற்றிய அக்காவை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். ஆறு பேர் தங்கலாம், அவர்கள் நால்வர்தான், இடம் இருந்தது. தியாகராசன் உளுந்து எடுத்த வயலில் கோடை உழவு ஓட்டவேண்டும் என்று மறுத்துவிட்டார். "நீ போயிட்டு வா. மேட்டூர் திறக்கறதுக்குள்ள வந்துடு" என்றார்.

போகிற வழியிலேயே ஏற்பாடு ஆனது. ஈஸ்வரி இனி டீச்சரம்மா. பாடம் நடத்தி நடத்தித் தொண்டை போய்விட்டது. டாக்டர் நான்கு நாளைக்கு வாயே திறக்கக் கூடாது என்றிருக்கிறார்.

வீடு படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. வைத்தியலிங்கம் கீழ் பாகத்தில் தனியாக இருந்தார். எழுபது வயசு, குரங்குக் குல்லாய், முழங்கால் வரை ஸ்வெட்டர். டீச்சரம்மாவின் தொண்டைக் கதையைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. காலையில் கற்பூரவல்லிக் கஷாயம், மதியம் சித்தரத்தை, ராத்திரி மிளகுப் பால் என்று அவரே போட்டு எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றார். ஈஸ்வரி கண்ணில் நீர் வரக் குடித்தார். மூஸா ஒவ்வொரு தடவையும் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தான்.

பேசாமல் இருப்பதைவிடப் பெரிய சிரமம் ஒன்று ஈஸ்வரிக்கு இருந்தது. வாசல் சுவரில் மீட்டர். முதல் நாள் காலையே பார்த்துவிட்டார். வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, கெய்சர் போடவில்லை. கரண்ட் செலவானால்தான் மினுங்கும் அந்த மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பல் விளக்கப் போனால் பார்த்தார், துணி உலர்த்தப் போனால் பார்த்தார். ஏரிக்குப் போய்ப் படகில் உட்கார்ந்திருந்தபோதும் அவர் மனசு அந்தச் சிவப்பு விளக்கில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வைத்தியலிங்கம் மூஸாவிடம் புலம்பினார். குளிர்காலத்திலிருந்து கரண்ட் பில் மூன்று மடங்கு வருகிறதாம். வாடகையில் பாதி அதற்கே போகிறதாம். யாரோ கணக்கைத் தப்பாக எடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றார்.

கணக்கெடுப்பவர்களைச் சொன்னதும் ஈஸ்வரியால் வாயை மூடியிருக்க முடியவில்லை.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். பின்னாடி பூட்டி வெச்சிருக்கீங்களே ஒரு ரூமு, அதுல ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. சாவியை எடுங்க."

கூடத்தில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். வைத்தியலிங்கம் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பூட்டிய அறையின் குளியலறையில், டிசம்பரில் வந்து தங்கிய யாரோ போட்டுவிட்டுப் போன பழைய கெய்சர் நிற்காமல் கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்தார். வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு இப்போது எப்போதோ ஒருதரம்தான் மினுங்கியது. திரும்பி வந்து ஈஸ்வரிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தொண்டை?"

"சரியாயிடுச்சு சார். உங்க கஷாயந்தான்."

"இந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கேன்."

"டீச்சருங்க குரல் எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்."

"எத்தனை கடான்னு சொன்னீங்க அன்னிக்கு?"

"ரெண்டு."

தஹ்மீனா சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டாள். வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை. குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஏன் அப்படிக் கேட்டார் என்று விசாரித்தார். ஈஸ்வரி அரவிந்தனின் கதையைத் தண்ணீர் மீட்டரிலிருந்து ஆட்டோ மீட்டர் வரை முழுக்கச் சொன்னார். மூன்று நாள் அடக்கிவைத்த பேச்சு. ஒரு மணி நேரம் ஆனது. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "அப்ப என்னை நம்பினதுக்குக் காரணம் நான் உங்களைத் திட்டுனதுதானா?" என்றார்.

"ஆமா சார்."

"என் சம்சாரம் முப்பது வருஷமா அதைத்தான் குறைன்னு சொல்லிக்கிட்டிருந்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து கீழே போனார். அன்று ராத்திரி மிளகுப் பாலுக்குப் பதில் எல்லாருக்கும் காபி வந்தது. வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

ஜூனில் ஒருநாள் அவரிடமிருந்து ஈஸ்வரிக்குப் போன் வந்தது. "நாலு பசங்க வர்றேங்கறாங்க. படிக்க வர்றோம், சத்தமே இருக்காதுங்கறாங்க. நீங்க கொஞ்சம் பேசிப் பார்க்கறீங்களா?" ஈஸ்வரி பேசிப் பார்த்தார். வீட்டில் கரண்ட் அடிக்கடி போகும், பரவாயில்லையா என்று கேட்டார். "ஸ்பீக்கருக்கு ஜெனரேட்டர் இருக்கா?" என்று கேட்டான் ஒரு பையன். வீடு கொடுக்கவில்லை.

இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று விசாரணை அங்கிருந்து இங்கே வருகிறது. ஈஸ்வரி பெரும்பாலும் மதியம் சமையல் முடிந்ததும் பேசுவார். சம்பளம் எதுவும் இல்லை. ஆகஸ்டில் பஸ் பார்சலில் ஒரு கூடை பேரிக்காய் வந்தது. தஹ்மீனா வீட்டுக்குப் பாதி போக, மீதியை, கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே தியாகராசன் மூன்றே நாளில் தின்று தீர்த்தார்.