பிந்தி வந்த ஸ்வரம்

சுதர்ஷினி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தராசு முள் அசையாமல் நிற்கும்வரை நகராத அங்கம்மாவின் மகள் அவள். கல்யாணமாகிப் பதுளைக்கு வந்தபின் வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுத்தாள். நிரோஷனின் இசைக்குழுவில் கல்யாணம், கோயில் திருவிழா என்று வாசித்தாள். ஒன்பது வருடமாக அந்தக் குழுவில் கீபோர்ட் என்றால் அவள்தான்.

போன வருடம் நிரோஷன் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தான்.

"அக்கா, உங்க கீபோர்ட்ல இருக்கிற வயலின் சத்தம் பழசாப் போச்சு. இத கீபோர்டோட மாட்டிக்குங்க. நாதஸ்வரம், வீணை எல்லாம் நெசம் மாதிரியே வரும்."

வரத்தான் செய்தது. ஆனால் இரண்டாவது ஒத்திகையிலேயே நிரோஷன் ட்ரம்ஸை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"அக்கா, தாளத்துக்குப் பின்னாடி இழுக்கிறீங்க."

அடுத்த வாரமும் அதையே சொன்னான். பண்டாரவளைக் கல்யாணத்தில் பாடகர் மேடையிலேயே திரும்பி முறைத்தார். சுதர்ஷினிக்குக் காது சூடேறியது. விரல் தளர்ந்துவிட்டதா, வயதாகிவிட்டதா என்று முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். அந்தச் சந்தேகம் அதிக நாள் நிலைக்கவில்லை. நிரோஷனின் மச்சாள் கம்சலா கொழும்பிலிருந்து பதுளைக்கே குடிவந்திருந்தாள். அவளும் கீபோர்ட் வாசிப்பவள். ஒத்திகை நடக்கும் மண்டபத்துக்கு இரண்டு தடவை வந்து, கடைசி வரிசையில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ண உள்ள கொண்டுவரத்தான் இந்த லேப்டாப்பையே என் தலையில கட்டியிருக்கான்," என்றாள் கணவன் ஜீவனிடம்.

"ஒன்னு கேக்கட்டா? நீ வாசிக்கிறது நெசமாவே பிந்துதா, இல்ல சத்தம் பிந்துதா?"

அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. விரல் நகம் பலகையில் 'டக்' என்று படும்படி கீபோர்டின் ஒரு கட்டையை ஓங்கி அடித்தாள். முதலில் 'டக்', அதன் பின்னால்தான் ஸ்வரம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. கைபேசியில் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். விரல் கீழே போய் மேலே எழுந்த பிறகுதான் சத்தம் கேட்டது.

பிந்தியது அவள் இல்லை. அதை நிரோஷனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடிப்பான் என்று நினைத்தாள். சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்குவது என்று முடிவெடுத்தாள்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் றிப்னா என்ற பெண் லேப்டாப் விற்றுத் திருத்திக்கொடுக்கும் கடை வைத்திருந்தாள். சுதர்ஷினி கீபோர்டை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனாள்.

"வாசிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். பாட்டு சாப்ட்வேர இதுல போடுங்க."

றிப்னா முகம் சுளிக்கவில்லை. கண்ணாடி அலுமாரியிலிருந்து கணினியில் விளையாடுகிறவர்கள் வாங்கும் பளபளப்பான லேப்டாப்பை எடுத்தாள். கடையிலேயே வேகமானது அதுதான். சாப்ட்வேரில் 'பஃபர்' என்ற அளவைக் குறைத்தால் சத்தம் சீக்கிரம் வரும், ஆனால் கணினி மூச்சுவிடாமல் ஓட வேண்டியிருக்கும் என்று விளக்கினாள். குறைத்தார்கள். சத்தம் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. கூடவே சட்டியில் கடுகு வெடிப்பதுபோல ஒரு பொரிச்சலும் வந்தது.

"புது லேப்டாப்புங்கிறீங்க, இப்படிப் பொரியுது?"

"எனக்கும் வெளங்கல அக்கா," என்று றிப்னா வைஃபையை நிறுத்திப் பார்த்தாள். பொரிச்சல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு ஓர் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் பாவித்த லேப்டாப் ஒன்றை எடுத்தாள். ஏதோ கம்பனியில் ஓடியது, தடிமனானது, மூடியில் கீறல். வைஃபையை நிறுத்தி, மின்சாரத்தில் மாட்டி அதே அளவில் வைத்தார்கள். சத்தம் சுத்தமாக வந்தது.

"இதையே எடுங்க அக்கா. வெலயும் கொறவு."

விலை குறைவு என்றதும் சுதர்ஷினிக்கு உள்ளே மணி அடித்தது. விலை கூடியது பக்கத்திலேயே இருக்க, எந்தக் கடைக்காரி குறைந்ததைத் தள்ளுவாள்?

"அடி மூடியக் கழட்டிக் காட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

றிப்னா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு ஆணிகளைக் கழற்றினாள். நினைவகம் இரண்டு பட்டையாக இருந்தது, சொன்ன அளவுதான். டிஸ்க்கும் புதிய வகை. "என்னோட பல்லையும் பாக்கணுமா?" என்று றிப்னா கேட்டபோதுதான் அவளுக்குக் கோபம் வந்திருப்பது தெரிந்தது.

சுதர்ஷினி மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டையை மறுபடி ஓங்கி அடித்தாள். இடைவெளி இன்னும் இருந்தது, முன்பைவிடக் கொஞ்சமாக.

"அது லேப்டாப்போட சொந்த சவுண்டால. வெளிய ஒரு சின்ன சவுண்ட் பெட்டி மாட்டணும். ஆடியோ இன்டர்பேஸ்னு சொல்வாங்க."

"அதையும் உங்ககிட்டத்தான் வாங்கணுமோ?"

"நான் விக்கிறதே இல்ல. எங்கயாச்சும் வாங்குங்க. இது என் வீட்டுக்காரர் பாட்டுப் பதிவு பண்ண வச்சிருக்கது, மாட்டிப் பாருங்க."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த பெட்டியை றிப்னா மாட்டினாள். சுதர்ஷினி அடித்தாள். 'டக்' சத்தமும் ஸ்வரமும் ஒன்றாக விழுந்தன. காதால் பிரிக்க முடியவில்லை. அவள் ஒரு பல்லவியை ஆரம்பித்து முழுவதும் வாசித்து முடித்தாள். இத்தனை மாதமாகத் தன் கை என்ன பாவம் செய்தது என்று நினைத்தபோது கண் கலங்கியது. அதைக் கடைக்காரி பார்த்துவிடக் கூடாதென்று கீபோர்டின் உறையைத் தேடுவதுபோலக் குனிந்தாள்.

லுணுகலைக் கோயில் திருவிழாவுக்கான ஒத்திகைக்கு, றிப்னாவிடம் வாங்கிய அந்தச் சாம்பல் நிற லேப்டாப்போடும், கொழும்பிலிருந்து வரவழைத்த பெட்டியோடும் போனாள். முதல் பாட்டு முடிந்ததும் நிரோஷன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"அக்கா, இன்னிக்கு ஆணி அடிச்ச மாதிரி இருக்கு!"

"இப்ப ஒன் லேப்டாப்ப மாட்டுறேன். நீயே வந்து ஒரு கட்டைய அடி."

அவன் அடித்தான். முகம் மாறியது. மறுபடி அடித்தான்.

"நான் இதுல பாட்டு மட்டுந்தான் கேப்பேன். இப்படிப் பிந்தும்னு எனக்குத் தெரியாதுக்கா, சாமி சத்தியமா."

"கம்சலாவக் கூப்பிட்டியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

அவன் ட்ரம்ஸின் தோலைத் தடவினான்.

"கூப்பிட்டேன். உங்களுக்குக் கை தளந்துருச்சுன்னு நெனச்சேன். நேர்ல சொல்ல மனசு வரல. கம்சலாவும் இதே லேப்டாப்ப மாட்டி வீட்டுல வாசிச்சுப் பாத்துச்சு. அதுக்கும் பிந்துச்சாம். வர விருப்பமில்லாம சொல்ற சாக்குன்னு நெனச்சேன். உங்க குழுவே வேணாம்னு வச்சிட்டுப் போயிருச்சு."

தன் சந்தேகம் பாதி சரி, பாதி பிழை என்று சுதர்ஷினிக்குப் புரிந்தது. அவன் சதி செய்யவில்லை. ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஆள் தேடியிருக்கிறான். எது அதிகம் வலித்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது நிரோஷன் அவள் கீபோர்டைத் தூக்க வந்தான். வேண்டாம் என்று ஜீவனையே கூப்பிட்டாள்.

திருவிழா அன்று மழை தூறியும் சனம் கலையவில்லை. நாதஸ்வரப் பகுதி வந்தபோது, உண்மையான நாதஸ்வரக்காரர் எங்கே என்று முன்வரிசையில் இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். வாசித்து முடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் நிரோஷன் தொலைபேசியில் அழைத்தான். வெலிமடையில் ஒரு கல்யாணமாம்.

"வாறேன்," என்றாள் சுதர்ஷினி. "ஆனா மொதல்ல சொல்லு, எனக்கு முன்னாடி யாருக்குப் போன் பண்ணின?"