ஒரு கழலைக்கு ஒரு வெள்ளிக் குண்டு

சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, என் மனைவியின் கழுத்தில் ஒரு கழலை தெரிந்தது. மைசூரில் அப்போது நான் ரயில்வே குமாஸ்தா. தேவராஜ மார்க்கெட் பூக்காரி, "என்னம்மா, எலுமிச்சங்காயை மெல்லாமலே முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டாளாம். இவள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஜனங்கள் வாயில் வருகிற இந்த மாதிரிப் பேச்சென்றால் எனக்கு உயிர். அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். எங்களோடு இருந்த மாமியார் அதற்கு முன்பே மேல்கோட்டைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். உடம்பில் எது கெட்டதோ அதை வெள்ளியில் செய்து உண்டியலில் போடுவது வழக்கம். கண்ணென்றால் கண், காலென்றால் கால். கழலைக்கு என்ன செய்வது? ஆசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வெள்ளிக் குண்டு உருட்டிக் கொடுத்தான். தையல் பிரித்ததும் மூன்று பேருமாக மலையேறிப் போட்டுவிட்டு வந்தோம். கீழே இறங்கி, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டபோது, விட்டது பீடை என்று மனசார நம்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபக்கம் தடித்தது. குரல் கம்மிப்போயிற்று.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். "போன தடவை பெரிசாய் இருந்ததை எடுத்தோம். அதிலிருந்துதான் இது பரவியது என்று சொல்லமுடியாது. கழுத்துச் சுரப்பியின் மறுபாதியிலும் பொடிப்பொடியாக அப்போதே தனித்தனியாக முளைத்திருக்கும். கைக்குத் தட்டுப்படவில்லை. இப்போது மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கத்தி வைக்கமுடியாது." பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "இது மெதுவாகப் போகிற புற்றுதான்" என்றார்.

மெதுவாக எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் மாமியாரிடம் பாதிதான் சொன்னேன். அதற்கே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, தப்பு என்னோடது. நான் ஒண்ணுக்குத்தானே வேண்டிண்டேன்? பெருமாள் அந்த ஒண்ணை எடுத்துண்டுட்டார். உள்ளே ஒளிஞ்சிண்டிருந்ததுக்கெல்லாம் நான் வாயே திறக்கலையே! மொத்தம் எத்தனைன்னு டாக்டரைக் கேளுங்கோ. அத்தனையும் போட்டுடறேன்."

எண்ண முடியாதாம் என்றேன். "எண்ண முடியாதது என்ன இருக்கு, அரிசியா?" என்று சீறினார். அதற்கப்புறம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, படுக்கவில்லை. நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "எத்தனையாம்?" என்பார். பெற்ற பெண்ணுக்கு வேண்டுதலைக் குறைத்துவிட்டோமென்று ஒருத்தி நினைத்துவிட்டால், அந்த நினைப்பை எந்த டாக்டர் அறுத்தெடுப்பார்?

கடைசியில் மனைவிதான் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஏன்னா, அம்மாகிட்ட ஏதாவது ஒரு கணக்குச் சொல்லிடுங்கோ. அவளாவது தூங்கட்டும்."

"ஆறு" என்று போய்ச் சொன்னேன். ஏன் ஆறு என்று எனக்கே தெரியாது.

மாமியார் ஆறு குண்டு உருட்டி வாங்கிக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை சமையலறையில் பாத்திரச் சத்தத்தோடு பாசுரச் சத்தமும் கேட்டது. வெகுநாளைக்குப் பிறகு.

மனைவி என் விரலைப் பிடித்து, காதுக்குக் கீழே ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள். பட்டாணி அளவு. நேற்றுவரை நான் அதைத் தொட்டதில்லை.

"இது உங்க ஆறுல சேர்த்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

உள்ளே மாமியார் பாடிக்கொண்டிருந்தார். விரலை எடுக்கவும் தோன்றாமல் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.