சார்ஜனின் வேட்பாளர்

எண்பத்தேழில் மேற்கு பேர்லினில் எனக்கு இருந்த ஒரே உறவு ஓர் அக்கா. உடன்பிறந்தவர் அல்ல. நொய்கெல்னில் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஹைமில் பக்கத்துக் கட்டில்காரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் வந்த முதல் கிழமையே என் பானையை எட்டிப் பார்த்து, "உதென்ன பிள்ளை, கோழிக்கோ சமைக்கிறாய்?" என்று கேட்டவர், தன் பானையில் எனக்கும் சேர்த்து அரிசி போட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே உலை.

அந்த உலைக்கு அடியில் ஒரு சங்கதி கிடந்தது. ஊரில் என் தம்பி ஓர் இயக்கத்தில் இருந்தான், அக்காவின் தம்பி வேறொன்றில். முந்தைய வருடம் என் தம்பியின் இயக்கம் மற்றதைத் தடை செய்தது. தடை என்றால் அறிவித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, தேடித் தேடிச் சுட்டார்கள். அதற்குப் பிறகு அக்காவின் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. என் தம்பி எந்தப் பக்கம் என்பது அக்காவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பானை இரண்டாகிவிடும், அந்தப் பெரிய நகரத்தில் நான் தனித்துப் போவேன் என்று எனக்குப் பயம்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்கப் படைவீரரின் வீட்டைத் துப்பரவாக்கப் போவோம். ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்துவிட்டார். படையில் சார்ஜண்டாக இருந்தவர் என்பதால் அவரைச் சார்ஜன் என்றே கூப்பிடுவோம். அவரோடு சீட்டாட, பழைய படைத் தோழர் ஒருவரும் சனி தவறாமல் வந்துவிடுவார்.

அந்த வசந்தத்தில் சார்ஜனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு அவருடைய கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று உட்கட்சிப் போட்டி தொடங்கியிருந்தது. அதில் தானும் இறங்குவதாக ஒரு பழமைவாதி அறிவித்துவிட்டார். தேவாலயம், குடும்பம், பட்டாளம் மூன்றையும் விட்டுக்கொடுக்காத மனிதராம். தோழரும் அதே கட்சிதான். ஆனால் அவருக்கு அந்த ஆளைக் கண்ணில் காட்டக்கூடாது. "வாய்ச்சவடால்" என்பார்.

சார்ஜன் எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டார். தபால்காரரைக்கூட விடவில்லை. எங்களிடமும் கேட்டார். "குட் மேன், சேர்" என்றார் அக்கா. உடனே தோழர் தன்னுடைய ஆளைப் பற்றிக் கேட்டார். "குட் மேன், சேர்." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பதிலை நாங்கள் எங்கே படித்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊரில் எந்த இயக்கப் பெடியன்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாலும், "ஓம் தம்பியவை, நீங்கள் செய்யிறதுதான் சரி" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்புவோம். எங்கள் பொதுசன அபிப்பிராயம் அவ்வளவுதான்.

இந்த வேட்பாளர் செய்தியை நான் ஹைமின் குசினிக்குக் கொண்டுபோனேன். ஐயோ, அங்கே சமைத்துக்கொண்டு நின்ற எங்கள் சனத்துக்குள் நடந்த அமளி!

"உவன் வந்தால் அகதியளுக்குக் கதவைப் பூட்டிப்போடுவான்."

"போடா! ரஷ்யாக்காரனை அடக்க உப்பிடி இறுக்கமான ஆள்தான் வேணும்."

"உனக்கு அங்கை வோட்டு இருக்கோ? பேசாமல் வெங்காயத்தை வெட்டு!"

கரண்டியை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். முகங்களைப் பார்த்தால் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களைப் போல ஒரு வெளிச்சம். பாவங்கள், வாய்விட்டுச் சண்டை பிடித்து எவ்வளவு காலமோ என்று நினைத்துக்கொண்டேன். ஊர்ச் செய்தி என்றால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தொண்டையைச் செருமுவார்கள்.

ஒரு சனிக்கிழமை, சார்ஜனின் ஆளே வென்று வந்தால் தான் வாக்களிக்கவே போவதில்லை என்று தோழர் சொல்லிவிட்டார். சார்ஜன் மேசையில் ஓங்கி அடித்தார். சீட்டுகள் பறந்தன. "ட்ரெய்ட்டர்!" என்று கத்தினார்.

குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பினார். "என்னவாம் பிள்ளை?"

"துரோகி எண்டுறார் அக்கா."

அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிறகு வேறு பேச்சுக் கிடையாது. விடிந்தால் மின்கம்பத்தோடு கட்டிச் சுடப்பட்டு ஆள் கிடக்கும். அக்கா இலாச்சியைத் திறந்து, இருந்த கத்திகள் எல்லாவற்றையும் அள்ளி மா டின்னுக்குள் புதைத்தார். நான் ஓடிப்போய்த் தோழரின் கோட்டையும் தொப்பியையும் அவர் கையில் திணித்து, குசினிப் பக்கத்துப் பின்படியைக் காட்டி, "கோ, சேர், ப்ளீஸ்! கெதியாப் போங்கோ!" என்று தள்ளினேன். மனிதர் மலைத்துப்போய் நின்றார்.

அந்த நேரம் பார்த்துச் சார்ஜன் குசினிக்குள் வந்து கத்தி கேட்டார். கேக் வெட்டத்தான். அக்கா மா டின் இருந்த அலுமாரியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். எல்லோரையும் குட் மேன் என்ற அந்த மனுஷி, "நோ நைஃப்! நோ நைஃப், சேர்!" என்று கத்தினார்.

கிழவர்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். பிறகு அக்கா அலுமாரியை விட்டு அசையாமல் நிற்பதைச் சார்ஜன் கண்டார். சிரிப்பு நின்றது. எங்கள் இருவரையும் கதிரையில் இருத்தி, தானே கோப்பி ஊற்றித் தந்து, விளங்கப்படுத்தத் தொடங்கினார். ஒரே கட்சிக்குள் ஐந்தாறு பேர் போட்டிக்கு நிற்பார்களாம். ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழிப்பார்களாம். கடைசியில் வெல்கிறவருக்கு எல்லோருமாக வாக்குப் போடுவார்களாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"தோத்தவரை என்ன செய்வினமாம்?"

மொழிபெயர்த்தேன். சார்ஜனுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "என்ன செய்வது? அவர் வீட்டுக்குப் போவார்" என்றார்.

"வீட்டை போவாராம், அக்கா."

"வீட்டையோ?" என்றார் அக்கா. சுத்தமாக நம்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அமெரிக்க உட்கட்சிப் போட்டியை எங்கள் அக்கா பார்த்ததுபோல அமெரிக்கர் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை கதவு திறந்ததும், "சார்ஜன்ரை ஆள் இருக்கிறாரோ எண்டு கேள்" என்பார். தனக்கு ஓர் ஆதரவாளர் கிடைத்துவிட்டார் என்று சார்ஜன் குளிர்ந்துபோய், வேட்பாளரின் பெயர் போட்ட வட்டச் சின்னம் ஒன்றைக் கொடுத்தார். அக்கா அதைக் கோட்டில் குத்திக்கொண்டு திரிந்தார். ஹைமில் பகிடிக்குக் குறைவில்லை. "அக்கா அமெரிக்கக் கட்சியிலை சேந்திட்டா, விசாவுக்கு இனி அவவைப் பிடியுங்கோ!" அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறு வருடம் பனி கரையும்போது வேட்பாளர் மாநிலத்துக்கு மாநிலம் தோற்று விலகிவிட்டார். அந்தச் சனிக்கிழமை தோழர் கேக்கோடு வந்தார். "சரி, இனி உன் ஆளுக்கே என் வாக்கு" என்று சார்ஜன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை வெட்டினார். மேசையில் பத்திரிகை விரிந்து கிடந்தது. தோற்ற மனிதர் தன் வீட்டு வாசலில் நிற்கும் படம். பக்கத்தில் மனைவி. ஒரு நாய் அவர் மேல் பாய்ந்துகொண்டிருந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அவரின்ரை வீடுதானோ?"

"ஓம் அக்கா."

"நாயும் அடையாளம் கண்டிட்டுது" என்றார்.

ஊபான் சுரங்க ரயிலில் திரும்பி வரும்போது எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இரண்டு நிலையங்கள் கடந்தன. பிறகு எதிரே இருந்த யன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"என்ரை தம்பியும் தோத்த பக்கம்தானே பிள்ளை. அவனையும் வீட்டை போ எண்டு விட்டிருக்கலாம். எங்கடை அம்மா இப்பவும் கதவு பூட்டாமல்தான் படுக்கிறவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சனம் பார்க்கிறது என்றும் பாராமல் அழுதேன். "அக்கா, என்னிலை கோவமோ?" என்று கேட்டேன்.

"கோவம்தான். ஏன் இல்லாமல்? உன்ரை தம்பியிலையும் கோவம், உன்னிலையும் கோவம்." எங்கள் நிலையம் வந்தது. "இறங்கு" என்றார்.

ஹைம் வரை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். இன்றோடு பானை பிரிந்தது என்று முடிவு செய்துகொண்டேன். குசினிக்குள் கால் வைக்கவே மனம் வராமல் வாசலில் நின்றேன். அக்கா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அரிசிச் சாக்கை அவிழ்த்தார். அளக்கிற பால் டின்னால் பானையில் ஒரு சுண்டு போட்டார். டின்னைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்னொரு சுண்டு போட்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார், திரும்பாமலே. "அந்தக் காய்ஞ்ச தேங்காய்ப்பூவை எடுத்துச் சம்பலுக்கு ஊறப்போடு."