திரும்ப வாங்கிய பிராது

அரியலூர் முன்சீப் கோர்ட்டு வாசலில்தான் அவரைப் பார்த்தேன். நான் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். ஒடிசலான ஆள், நெற்றி நிறைய விபூதி. பக்கத்துக் கோயிலில் மணி அடித்தால், தொங்கிக் கிடக்கும் வலக்கையை இடக்கையால் தூக்கிச் சேர்த்துக் கும்பிடுவார்.

“பங்காளி வெட்டினதுங்க, வரப்புத் தகராறு. அவன் ஜெயிலுக்குப் போயிட்டும் வந்துட்டான். என் கைதான் வரல. அதான் நஷ்டஈடு கேட்டு அவன்மேல கேஸ் போட்டிருக்கேன்” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “விருத்தாசலம் பக்கத்து முருகன் கோயில்ல உங்க குறையைப் பிராதா சீட்டுல எழுதிக் கட்டியிருந்தா அந்த முருகனே அவனைக் கேட்டிருப்பாரே. இங்க ஏன் வருஷக்கணக்கா அலையறீங்க?” என்றேன்.

“கட்டினேங்க. அடுத்த வாரமே அவன் பொண்ணு காய்ச்சல்ல படுத்துடுச்சு. ஓடிப்போய் பிராதை வாபஸ் வாங்கிட்டேன். கோர்ட்டு அவனை மட்டும்தானே கேக்கும்? சாமி யாரைக் கேக்கும்னு நமக்குத் தெரியுங்களா?”

அதற்குள் அந்தப் பங்காளியே படியேறி வந்தான். இவர் அவனை நிறுத்தி, “புள்ள பள்ளிக்கூடம் போவுதாடா?” என்றார்.

“போவுதுண்ணே” என்றான் அவன், தலையைக் குனிந்தபடி. பிறகு அவரவர் வக்கீலோடு உள்ளே போனார்கள்.

அவர் சாமியை நம்பாதவரா, என்னைவிட அதிகம் நம்பியவரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கிருத்திகைக்குச் செட்டிகுளம் மலையேறி நிற்கும்போது, அவர் வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுப்பேன். அதுவே நான் கட்டும் பிராதாகிவிடுமோ என்று பயம் வந்துவிடும். அந்தக் கை மட்டும் நல்லாகட்டும் முருகா என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.